குரல் கேக்குது, உன்னைக் காணேல்லை

அந்தப் படத்தில் கதாநாயகி பேசுகிற குரல் என்னுடையது. இதை முதல் வரியிலேயே சொல்லிவிடுகிறேன். சொல்ல முயன்ற ஒவ்வொரு இடத்திலும் யாராவது ஒருவர் குறுக்கே வந்து, நல்ல வார்த்தை நாலு போட்டு அதை மூடிவிட்டார்கள். இங்கே குறுக்கே வர ஆளில்லை.

படம் வந்தபோது எழுதியவர்கள் எல்லாரும் ஒன்றையே எழுதினார்கள். சென்னையிலிருந்து வந்த நடிகை யாழ்ப்பாணத் தமிழை இந்த மண்ணில் பிறந்தவர் போலவே பேசியிருக்கிறார் என்று. அவர் 'வாறன்' என்ற ஒரு சொல்லைச் சொல்வதற்கு எவ்வளவு பாடுபட்டார் என்பது எனக்குத் தெரியும். பக்கத்தில் கதிரை போட்டு உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தவள் நான்.

நான் வடமராட்சிக் கரைப் பிள்ளை. அப்பா கடலுக்குப் போகிறவர். அம்மா கருவாடு போட்டு விற்றவர். இரண்டு பக்கத்துக் குடும்பத்திலும் பள்ளிக்கூடத்தை முழுதாக முடித்து வெளியே வந்த முதல் ஆள் நான்தான். அதை எங்கேயும் தணித்துச் சொல்வதில்லை. கரையில் மெல்லப் பேசினால் காற்று கொண்டுபோய்விடும். அங்கே எல்லாருக்கும் நெஞ்சிலிருந்து வருகிற குரல். அந்தக் குரலோடுதான் புலமைப்பரிசில் பரீட்சை எழுதிப் பெரிய பாடசாலைக்குப் போனேன். போன முதல் ஆண்டிலேயே பேச்சுப்போட்டிக்குப் பொறுப்பான ஆசிரியை என்னை வரிசையிலிருந்து இறக்கினார்.

"பிள்ளை, உது சந்தையிலை மீன் கூறி விக்கிற குரல். கொஞ்சம் அடக்கிக் கதையும். எங்கடை பிள்ளையள் பயந்துபோவினம்."

அந்த 'எங்கடை பிள்ளையள்' என்பதற்குள் நான் இல்லை என்று அந்த வயதிலேயே விளங்கியது. நான் அடக்கவில்லை. உயர்தர வகுப்பில் நாடகமும் அரங்கியலும் எடுத்தேன். கணக்கு வராதவர்கள் எடுக்கிற பாடம் என்று வீதியில் போகிறவரும் சொன்னார். பல்கலைக்கழகத்தில் ஒலிபெருக்கி பழுதான ஒரு நாள், மண்டபத்தின் கடைசி வரிசை வரைக்கும் கேட்டது என் குரல் ஒன்றுதான். அதன் பிறகு குரலைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. குறை சொல்ல நிறத்தைப் பிடித்துக்கொண்டார்கள்.

நடிகை என்றால் இங்கே என்ன வேலை கிடைக்கும் என்று கேட்பீர்கள். டெங்கு விழிப்புணர்வு நாடகத்தில் நுளம்பாக நடித்திருக்கிறேன். அட்டைச் சிறகு கட்டிக்கொண்டு பண்டத்தரிப்புச் சந்தைக்கு முன்னால் வெயிலில் பறந்திருக்கிறேன். குடிக்கு எதிரான நாடகத்தில் அடி வாங்கியிருக்கிறேன். நல்ல மேடை நாடகங்களும் செய்தேன். இரண்டு தரம் மேடையேறும், பிறகு யாரும் அதைப் பேசமாட்டார்கள். குறும்படங்களில் எனக்கு ஒரே வேடம்தான். வெளிநாட்டிலிருந்து கமராவோடு வருகிற எவருக்கும் அழுகிற பெண் ஒருத்தி தேவை. இருபத்தைந்து வயதுக்குள் எத்தனையோ பேருக்கு விதவையாகிவிட்டேன். ஒரு கமராக்காரர் என் முகத்துக்கு நேரே சொன்னார்: "கறுத்த முகத்திலை கண்ணீர் நல்லா வரும் தங்கச்சி." பாராட்டுகிறாராம்.

பிறகு ஆசிரிய நியமனம் கிடைத்தது. அச்சுவேலிப் பக்கத்தில் ஒரு பாடசாலை. அங்கே எனக்குப் புதிதாக ஒரு தொல்லை தொடங்கியது. பாடசாலையில் ஏதாவது எதிர்த்துச் சொன்னால், "உவ நடிகை எல்லே, நல்லா நடிப்பா" என்பார்கள். படப்பிடிப்பில் ஏதாவது கேட்டால், "டீச்சருக்கு வகுப்பெடுக்கிற பழக்கம் போகேல்லை" என்பார்கள். இரண்டு தொழிலையும் நான் ஒழுங்காகத்தான் செய்தேன். ஒன்றை எடுத்து மற்றதன் தலையில் அடிப்பதற்கு மட்டும் எல்லோரும் ஆயத்தமாக இருந்தார்கள்.

அந்தப் படத்தின் இயக்குநர் எங்களவர். சின்ன வயதில் கனடா போனவர். முதல் பெரிய படத்தை ஊரில் எடுக்க வந்து, அரியாலையில் கடலேரி பார்த்த ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்திருந்தார். நடிகர் தேர்வும் அங்கேதான். கதை ஒரு தங்கையைப் பற்றியது. வீட்டை விற்க வெளிநாட்டிலிருந்து தமையன் வருகிறான். போர் முழுக்க அந்த வீட்டைக் காத்துக்கொண்டு கிடந்த தங்கை வாசலில் நின்று சொல்கிறாள்: "வித்துப்போட்டுப் போ அண்ணை. ஆனா நான் உள்ளுக்குள்ளைதான் நிப்பன். என்னையும் சேர்த்து எழுதிக் குடு."

எனக்கு அந்த வசனத்தைத் தந்து நடிக்கச் சொன்னார்கள். நடித்தேன். முடிந்தபோது இயக்குநர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கமரா பிடித்தவர் கமராவை நிறுத்த மறந்து நின்றார். எனக்குக் கிடைத்துவிட்டது என்று பேருந்தில் வரும்போதே நிச்சயப்படுத்திக்கொண்டேன். பேருந்து குலுங்க, அந்தத் தங்கை எப்படி நடப்பாள், எந்தக் கையால் வாசல் படலையைப் பிடிப்பாள் என்று யோசித்துக்கொண்டே வந்தேன். ஒரு முழுப்படம். அழுவதற்கு மட்டும் கூப்பிடாத ஒரு பெண். எனக்கு வேண்டியிருந்தது அதுதான்.

சில நாள் கழித்து இயக்குநர் தொலைபேசி எடுத்தார்.

"தங்கச்சி, நீர் செய்தது பிரமாதம். ஆனா தமிழ்நாட்டிலை படம் ஓடவேணும் எண்டால் அங்கை தெரிஞ்ச முகம் ஒண்டு வேணும். அங்கையிருந்து ஒரு ஆளைப் போட்டிருக்கிறம்."

"அப்ப எனக்கு?"

"உமக்கும் வேலை இருக்கு. அவவுக்கு எங்கடை தமிழ் பழக்கவேணும். நீர் டீச்சர் எல்லே. உம்மை விட ஆர் இருக்கினம்?"

மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. படத்துக்குள் ஒரு கால் வைத்தால் ஏதாவது ஒரு வேடம் வரும் என்று நினைத்தேன். இன்னொரு காரணமும் இருந்தது. என் கண்முன்னே எங்கள் பேச்சைக் கெடுத்துப் பேசினால் என்னால் பொறுக்க முடியாது.

நடிகை கெட்டவர் அல்ல. என்னை 'அக்கா' என்று கூப்பிட்டார். எனக்கு இரண்டு வயது மூத்தவர். அவர் வாய்க்குள் எங்கள் தமிழ் இருக்க மறுத்தது, அவ்வளவுதான்.

"ஆமாவுக்குப் பதிலா ஓம் சொல்றப்பல்லாம் கோயில்ல நிக்கிற மாதிரி இருக்குக்கா" என்றார்.

"கோயிலிலை நிண்டு சொல்லுறதை வாசலிலை நிண்டு சொல்லுங்கோ. அண்ணன் கேக்கிறான், வீட்டிலைதான் இருக்கிறியோ எண்டு. ஓம்."

"ஓம்."

"அது மந்திரம். இது பதில். திருப்பிச் சொல்லுங்கோ."

அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். வகுப்பில் பிள்ளைகளுக்குச் செய்வதைத்தான் அவருக்கும் செய்தேன். வசனத்தை என் தொலைபேசியில் பேசி அனுப்புவேன், அவர் காதில் மாட்டிக்கொண்டு திரிவார். படப்பிடிப்பில் கமராவுக்குப் பின்னால் நான் நின்று சொல்ல, அவர் வாய் என் வாயைப் பார்த்துக்கொண்டே அசைந்தது. வாயசைவு வந்துவிட்டது. குரல் வரவில்லை.

படப்பிடிப்பு முடிந்தபின் இயக்குநர் இன்னொரு உதவி கேட்டார். படங்களில் பெரும்பாலும் படப்பிடிப்புச் சத்தத்தை அப்படியே வைப்பதில்லை. பிறகு திரையைப் பார்த்து, உதடு அசையும் நேரத்துக்குப் பொருத்தி, வசனத்தைத் திரும்பப் பேசிப் பதிவார்கள். நடிகை அதைச் சென்னையில் செய்யப்போகிறார், அவருக்கு வழிகாட்ட ஒரு மாதிரிக் குரல் வேண்டும், நீர் முழுப்படத்துக்கும் பேசித் தந்தால் அவ அதைக் கேட்டுக் கேட்டுப் பேசுவா என்றார்.

யாழ்ப்பாண நகரத்தில் ஒரு ஒலிப்பதிவுக்கூடம். பாடசாலை விட்டதும் சேலையோடு அங்கே போவேன். திரையில் அவர் முகம். அந்த உதட்டுக்கு என் குரல். ஒலிப்பதிவாளர் நடுவயதுக்காரர், திருமண வீட்டுப் பாட்டுகள் பதிந்து பழகியவர். இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ காதுக்கருவியைக் கழற்றிவிட்டுக் கேட்டார்.

"டீச்சர், மாதிரிக்குத்தானே. ஏன் இவ்வளவு உயிரைக் குடுக்கிறியள்? சும்மா வாசிச்சு விட்டாலே காணும்."

"எனக்குச் சும்மா வாசிக்கத் தெரியாது."

"அது தெரியுது. நான் சொல்லுறது வேறை."

"என்ன வேறை?"

அவர் திரும்பிப் பொத்தான்களைப் பார்த்தார். "ஒண்டுமில்லை. முதலிலையிருந்து போவம்."

மேடையில் பழகியவர்கள் விடுகிற பிழை இது. வசனம் கைக்கு வந்தால் முழுதாகச் சொல்லாமல் விட எங்களால் முடியாது. வெள்ளோட்டத்துக்கே தொண்டை கிழியப் பேசுவோம். வாசல் காட்சியை நான் விதம்விதமாகச் சொல்லிப்பார்த்தேன். கோபமாகச் சொன்னேன். பிறகு களைத்துப்போனவளாய். கடைசியில், தமையன் மீது அன்பு இன்னும் மிச்சம் இருக்கிறவளாய்ச் சொன்னேன். அதுதான் சரி என்று எனக்கே தெரிந்தது. யாரும் தராத வேடத்தை அந்தச் சின்ன அறைக்குள் நின்று நான் நடித்து முடித்தேன். கற்பித்ததற்கு உரியதைத் தந்து நன்றி சொல்லி அனுப்பினார்கள். அதில் குறையில்லை.

படம் யாழ்ப்பாணத்துக்கு வந்தபோது உயர்தர வகுப்பு நாடகப் பிள்ளைகளை மதியக் காட்சிக்குக் கூட்டிப்போனேன். அதிபர் முகத்தைச் சுளித்துக்கொண்டு அனுமதி தந்தார். அப்பாவையும் வரச் சொன்னேன். படத்தின் முடிவில் மொழிப் பயிற்சி என்று என் பெயர் வரும், அதைக் காட்டலாம் என்று நினைத்தேன். அப்பாவுக்குத் தன் பெயரை எழுதப் பழக்கியவள் நான். என் பெயரையும் அவருக்கு வாசிக்கத் தெரியும்.

நடிகை திரையில் வந்தார். கிணற்றடியில் நின்று பக்கத்து வீட்டுக்காரியிடம் ஏதோ சொன்னார். என் குரல். ஒரு மாணவி என் முழங்கையைப் பிடித்தாள்.

"டீச்சர், உது உங்கடை குரல் எல்லே?"

பின்வரிசையில் இன்னொருத்தி, "ஓமடி, எங்களை ஏசுற அதே குரல்" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். இரகசியமாக வைத்திருந்து தங்களுக்குக் காட்டுகிறேன் என்று நினைத்துவிட்டார்கள். அவர்களுக்குப் பெருமை.

அப்பா இருக்கையின் விளிம்புக்கு வந்திருந்தார். கழுத்தை நீட்டித் திரையின் இந்த மூலை, அந்த மூலை, நடிகைக்குப் பின்னால் நிற்கிற கூட்டம் என்று தேடினார். பிறகு என் பக்கம் சாய்ந்தார்.

"பிள்ளை, நீ எங்கை நிக்கிறாய்? குரல் கேக்குது, உன்னைக் காணேல்லை."

"நான் இதிலை இல்லை அப்பா."

"குரல் இருக்கேக்கை ஆள் எப்பிடி இல்லாமல் போகும்?"

படம் முடியும் வரைக்கும் அவர் தேடிக்கொண்டே இருந்தார். வாசல் காட்சி வந்தது. மூன்றாவதாகச் சொன்னேனே, அந்த அன்பு மிச்சமிருக்கிற குரல், அதைத்தான் போட்டிருந்தார்கள். திரையரங்கில் மூக்கு உறிஞ்சுகிற சத்தம். என் நடிப்புக்கு முதன்முதலாக ஒரு முழு அரங்கம் அழுதது. அழுதவர்கள் வேறொருத்தியின் முகத்தைப் பார்த்து அழுதார்கள். படம் முடிந்து பெயர்கள் ஓடியபோது சனம் எழும்பி வாசலுக்குப் போய்விட்டது. சமையல் செய்தவர்களுக்கும் வாகனம் ஓட்டியவர்களுக்கும் இடையில் என் பெயர் வந்தது. மொழி உதவி. பயிற்சி என்றுகூட இல்லை.

பாடசாலைப் பிள்ளைகளைப் பேருந்தில் ஏற்றிவிட்டு, வீதியோரமாய் நின்றபடியே இயக்குநருக்குத் தொலைபேசி எடுத்தேன்.

"அண்ணை, என்ரை குரலைப் போட்டிருக்கிறியள்."

"பாத்திட்டீரோ? எப்பிடி இருக்கு?"

"என்னைக் கேக்காமல் போட்டிருக்கிறியள்."

"தங்கச்சி, கோவிக்காதையும். அவ சென்னையிலை பேசினது சரிவரேல்லை. திரைப்பட விழாவுக்குப் படம் அனுப்பிற நாளும் வந்திட்டுது. உம்மடை பதிவு கையிலை இருந்தது. என்ன செய்ய?"

"கேட்டிருக்கலாம்."

"கேட்டால் மாட்டன் எண்டிருப்பீரோ? எங்கடை சனத்தின்ரை கதை. உம்மடை குரல் உலகம் முழுக்கப் போகுது. சந்தோஷப்படும்."

"அப்ப என்ரை பெயரும் போகட்டும். குரல் நடிப்பு எண்டு போடுங்கோ."

அவர் குரலைத் தணித்தார்: "அப்பிடிப் போட்டால், சொந்தக் குரல் இல்லையெண்டு அவவை நடிகை விருதுக்கு எடுக்கமாட்டினம். நீர் படிச்ச பிள்ளை, விளங்கும்தானே."

விளங்கியது. கோபம் வருவதற்கு முன்னால் எனக்கு வந்தது வெட்கம். நான் வெட்கப்பட என்ன செய்தேன்? அதை நினைத்தபோதுதான் கோபம் வந்தது. அது இன்னும் போகவில்லை. போகவேண்டும் என்று நான் விரும்பவும் இல்லை.

நகரத்தில் ஒரு மண்டபத்தில் படத்துக்குப் பாராட்டு விழா வைத்தார்கள். உள்ளூரில் உதவிய எல்லாருக்கும் பொன்னாடை போர்த்துவதாக அழைப்பு வந்தது. போகாமல் விடத்தான் நினைத்தேன். போனால் மேடை கிடைக்கும், மேடையில் நின்று சொல்லலாம் என்று போனேன். நடிகை வரவில்லை. அவர் அனுப்பிய காணொளியைப் பெரிய திரையில் போட்டார்கள். "யாழ்ப்பாணத் தமிழ் கத்துக்கிட்டது என் வாழ்க்கையிலயே பெரிய அனுபவம். எனக்குக் கத்துக்கொடுத்த அக்காவுக்கு ரொம்ப நன்றி" என்றார். மண்டபம் கைதட்டியது. அவர் கண்கள் ஒரு தரமும் கமராவை நேரே பார்க்கவில்லை. எனக்கு அது தெரிந்தது. கமராவைப் பார்ப்பதும் பார்க்காமல் விடுவதும் என் தொழில்.

என்னைக் கூப்பிட்டுப் பொன்னாடை போர்த்தினார்கள். நான் இறங்காமல் ஒலிவாங்கியிடம் போனேன். எதுவும் விளக்கவில்லை. வாசல் காட்சியைச் சொன்னேன்.

"வித்துப்போட்டுப் போ அண்ணை. ஆனா நான் உள்ளுக்குள்ளைதான் நிப்பன். என்னையும் சேர்த்து எழுதிக் குடு."

அதே இழுவை, அதே மூச்சு, கடைசிச் சொல்லில் அதே இறக்கம். கைதட்டல் கூரையை முட்டியது. நிகழ்ச்சியைத் தொகுத்தவர் துள்ளிக்கொண்டு முன்னால் வந்தார்.

"பாத்தியளோ, எங்கடை டீச்சர் அவவைப் போலவே அச்சொட்டாய்ச் செய்து காட்டிறா. கண்ணை மூடினால் படம்தான்."

"அவவைப் போல இல்லை" என்றேன் ஒலிவாங்கியில். "படத்திலை நீங்கள் கேட்டது என்ரை குரல். அவவின்ரை இல்லை. என்ரை."

கடைசி வரிசைக்கும் கேட்டிருக்கும். கேட்டது. ஆனால் தலைமை வகித்த பெரியவர், ஓய்வுபெற்ற கல்விமான், எழுத்தும் பேச்சும் நிறைந்தவர், தன் ஒலிவாங்கியை எடுத்துவிட்டார்.

"உண்மை, நூற்றுக்கு நூறு உண்மை. அது இந்தப் பிள்ளையின்ரை குரல் மாத்திரமில்லை. இந்த மண்ணிலை காத்துக் கிடந்த ஒவ்வொரு பெண்ணின்ரையும் குரல்."

சனம் எழும்பி நின்று கைதட்டியது. முன்வரிசையில் ஒரு அம்மா கண்ணைத் துடைத்தார். இயக்குநர் என் குரலை எடுத்து ஒருத்திக்குக் கொடுத்தார். இந்தப் பெரியவர் மிச்சத்தை எடுத்து எல்லாருக்கும் பங்கு வைத்துவிட்டார். நான் மண்ணைப் பற்றிப் பேசவில்லை. பெண்குலத்தைப் பற்றியும் பேசவில்லை. என் தொண்டையைப் பற்றிப் பேசினேன். படித்தவர்கள் கூடிய மண்டபம் அது. ஒரு பெண் 'இது என்னுடையது' என்று சொன்னால் அதை அப்படியே கேட்கத் தெரிந்தவர் அங்கே ஒருவரும் இருக்கவில்லை. பொன்னாடையை மேசையில் மடித்து வைத்துவிட்டு வந்தேன். தன்னடக்கம் என்று அதற்கும் கைதட்டினார்கள்.

பாடசாலையில் அதிபர் கூப்பிட்டு, பரிசளிப்பு விழாவில் 'அந்த நடிகை மாதிரி' ஒரு தரம் செய்து காட்டச் சொன்னார். முடியாது என்றேன். தலைக்கனம் என்றார். இருக்கட்டும். என் வகுப்புப் பிள்ளைகளிடம் மட்டும் நடந்தது முழுவதையும் ஒரு பாடமாகச் சொன்னேன். பாடத்திட்டத்தில் இல்லாத பாடம். ஒருத்தி கேட்டாள், "அப்ப டீச்சர், ஒலிப்பதிவிலை நாங்கள் கெடுத்துப் பேசிக் குடுக்கவேணுமோ?" வேண்டாம் என்றேன். "நல்லாப் பேசுங்கோ. பேச முதல், இது ஆருக்கு, எதுக்கு எண்டு கேளுங்கோ. பதில் வராட்டி வாயை மூடிக்கொண்டு வீட்டை வாங்கோ." கேட்டவள் முகத்தைச் சுருக்கினாள். சொல்லும்போதே எனக்கும் தெரிந்தது, அந்த வயதில் யாராவது ஒரு பெரிய படத்துக்குக் கூப்பிட்டால் நானும் கேட்டிருக்கமாட்டேன் என்று. அப்படி எங்களை வைத்திருக்கிறார்கள் என்பதுதான் என் எரிச்சல்.

சென்ற மாதம் இன்னொரு படக்குழுவிலிருந்து ஒருவர் தொலைபேசியில் பேசினார். ஊர்ப் பையன்தான், நல்ல மரியாதையாகக் கதைத்தார். அவர்களும் இங்கே படம் எடுத்திருக்கிறார்கள். கதாநாயகி கொழும்பிலிருந்து வந்தவர், தமிழ் வராது.

"அக்கா, அந்தப் படத்திலை அந்தச் சென்னை நடிகை கதைச்ச மாதிரி எங்களுக்கு ஒரு குரல் வேணும். அவவைக் கேட்டுப் பாத்தம், சரிவரேல்லை. நீங்கள் அவவைப் போலவே கதைப்பியளாம், விழாவிலை செய்து காட்டினியளாம்."

"நடிக்கிறதெண்டால் வாறன்" என்றேன்.

"நடிப்புக்கு ஆள் எடுத்து முடிஞ்சுது அக்கா. முகம் இருக்கு. குரல்தான் இல்லை."

"அப்ப அந்த முகத்தையே கதைக்கச் சொல்லுங்கோ."

அவர் ஏதோ சொல்ல வந்தார். நான் தொலைபேசியை வைத்துவிட்டேன். அதன் பிறகு எந்தப் படக்குழுவும் என்னை அழைக்கவில்லை.